இரண்டாம் அணி யாருக்கு வேண்டும்? அமெரிக்கக் கல்லூரி கிளப் லக்ராஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

லக்ராஸ் என்பது நுனியில் வலை கட்டிய கம்பால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம். அமெரிக்கப் பள்ளிகளில் அதை ஆடும் பையன்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசிய அமைப்பான என்சிஏஏயின் முதல் டிவிஷனில் ஆண்கள் அணி வைத்திருக்கும் கல்லூரிகளோ 75-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன. மூன்றாம் டிவிஷனில் 200-க்கு மேல் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் சின்னத் தனியார் கல்லூரிகள். டெக்சஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, கொலராடோ, அரிசோனா ஸ்டேட், யூசிஎல்ஏ போன்ற பல்லாயிரம் பேர் படிக்கும் பல்கலைக்கழகங்களில் ஆண்கள் லக்ராஸுக்கு அதிகாரபூர்வ அணியே கிடையாது. இருப்பது கிளப்.

காரணம் பழையது. 1972-ல் வந்த டைட்டில் நைன் சட்டம் கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடுக்கிறது. விளையாட்டில் அதன்படி நடக்க, பல்கலைக்கழகங்கள் இரு பக்கத்து வாய்ப்புகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கன் ஃபுட்பால் ஒன்றே நூறு ஆண்களை விழுங்கிவிடுவதால், ஆண்களுக்கு இன்னொரு பெரிய அணி தொடங்கப் பலரும் தயங்குகிறார்கள். அதனால்தான் ஃபுளோரிடாவிலும் கொலராடோவிலும் பெண்கள் லக்ராஸ் என்சிஏஏ அணியாக இருக்க, ஆண்கள் அதே வளாகத்தில் கிளப்பாக ஆடுகிறார்கள்.

கிளப் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடலாம். தலைவர், பொருளாளர் எல்லாரும் மாணவர்கள். கோச்சுக்குச் சம்பளம், ரெஃப்ரி கட்டணம், பஸ், ஹோட்டல் எல்லாம் ஆட்டக்காரர்கள் கட்டும் சந்தாவிலிருந்தும் பெற்றோர், பழைய மாணவர் நன்கொடையிலிருந்தும் வருகிறது. பெரிய கிளப்களில் ஓர் ஆட்டக்காரர் ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் கட்டுவது சாதாரணம். ஸ்காலர்ஷிப் கிடையாது. பல்கலைக்கழகம் மைதானத்தில் நேரம் ஒதுக்கும், விதிமுறை போடும், ஏதாவது தப்பு நடந்தால் கிளப்பை நிறுத்தி வைக்கும்.

இந்த ஆய்வின் கேள்வி இதுதான்: இப்படிப்பட்ட கிளப்பில் அணித் தேர்வுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இடம் கிடைக்காமல் வெளியே போகிறார்கள். அவர்களுக்கென்று இரண்டாம் அணி ஏன் எளிதில் உருவாவதில்லை? உருவாக்க வேண்டும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

டிவிஷன் வேறு, அணி வேறு

கிளப் லக்ராஸுக்கென்று தேசிய அளவில் ஓர் அமைப்பு உண்டு. 1997-ல் நடந்த முதல் தேசியப் போட்டியில் பிரிகாம் யங் பல்கலைக்கழகம் கோப்பையை வென்றது. பின்னர் யூஎஸ் லக்ராஸ் என்ற தேசியச் சங்கத்தின் கீழ் இருந்த அந்த அமைப்பு 2006-ல் தனியாக எம்சிஎல்ஏ என்ற பெயரில் வந்தது. நாடு முழுக்கப் பல கான்ஃபரன்ஸ்கள் (வட்டார லீக்குகள்), இருநூறை ஒட்டிய அணிகள், மே மாதத்தில் தேசியப் போட்டி. ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என்று இதை நினைத்துவிட முடியாது.

2000-களின் நடுவில் இந்த அமைப்பு இரண்டாம் டிவிஷனுக்கும் தேசியக் கோப்பை வைத்தது. சின்னக் கல்லூரி, புதிதாகத் தொடங்கிய கிளப், இருபது பேரை வைத்துக்கொண்டு தள்ளாடும் அணி ஆகியவற்றுக்கு அது நல்ல ஏற்பாடு. மினசோட்டாவின் செயின்ட் தாமஸ் போன்ற கல்லூரிகள் அந்த டிவிஷனில் பெயர் எடுத்தன. 15 கோல் வித்தியாசத்தில் தோற்றுக்கொண்டே இருந்தால் எந்த அணியும் மூன்று வருடம் தாங்காது. டிவிஷன் பிரித்தது அந்தச் சிக்கலைத் தீர்த்தது.

ஆனால் அது கல்லூரிக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வுக்குத்தான் மருந்து. ஒரே கல்லூரிக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வை அது தொடவில்லை. கொலராடோவில் நாற்பதாவது ஆட்டக்காரராக இருக்கும் மாணவர் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்திருந்தால் முதல் வரிசையில் ஆடியிருப்பார். இரண்டாம் டிவிஷன் இருப்பதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அவர் அந்தக் கல்லூரியில் படிக்கவில்லை, அவ்வளவுதான். கிளப் லக்ராஸில் இரண்டாம் அடுக்கு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள். 'நமக்குத்தான் டி-டூ இருக்கிறதே' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

கிழக்குக் கரைப் பக்கம் என்சிஎல்எல் என்று இன்னொரு லீக் உண்டு. பயணம் குறைவு, செலவு குறைவு, பல அணிகளை மாணவர்களே நடத்துகிறார்கள். என்சிஏஏ அணி இருக்கும் பல்கலைக்கழகங்களின் கிளப் அணிகளும் அங்கே ஆடுகின்றன. ஒருவகையில் இதுதான் அந்தப் பல்கலைக்கழகங்களின் இரண்டாம் அணி. ஆனால் வர்சிட்டி, அதாவது பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியின் கோச்சுக்கும் கிளப்புக்கும் பெரும்பாலும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கிருந்து அங்கே ஏறுவதற்கு வழி என்று ஒன்று போடப்படவில்லை.

மிச்சிகன்: மேல் அடுக்கு பறந்து போனால்

கிளப் லக்ராஸில் அடுக்குகளைப் பற்றிப் பேசும்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போக முடியாது. 1940-லிருந்து இருக்கும் கிளப் அது. ஜான் பால் என்ற கோச்சின் காலத்தில் 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று முறை எம்சிஎல்ஏ கோப்பையை வென்றது. 2008-ல் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. பெயருக்குத்தான் கிளப், நடத்தப்பட்ட விதம் முழுக்க வர்சிட்டி: முழுநேர கோச், சொந்த உடை மாற்றும் அறை, நாடு முழுக்கப் பயணம், ஆட்சேர்ப்பு. இந்த மாதிரிக் கிளப்களை 'வர்ச்சுவல் வர்சிட்டி' என்று அங்கே சொல்வார்கள்.

2011 மே மாதத்தில் பல்கலைக்கழகம் இதை என்சிஏஏ அணியாக உயர்த்துவதாக அறிவித்தது. பெண்கள் அணியும் சேர்ந்தே அறிவிக்கப்பட்டது, 2014-ல் ஆடத் தொடங்கியது. 2012 வசந்த காலத்தில் ஜான் பாலே கோச்சாக இருக்க, ஆண்கள் அணி முதல் டிவிஷனில் இறங்கியது. அந்த ஆண்டு முடிவு: ஒரு வெற்றி, 13 தோல்வி.

அந்த 1–13-ஐ வைத்துப் பலரும் கிளப்புக்கும் வர்சிட்டிக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. கிளப் மேலே போகும்போது தன் இடத்தைக் காலி செய்துவிட்டுப் போகிறது. சந்தா கட்டி, படிப்போடு சேர்த்து ஆட வந்த சாதாரண மாணவருக்கு அது மாடிக்கு ஏறிய வீடு. அவரால் அந்தப் படியில் ஏற முடியாது. கீழே ஏற்கெனவே ஓர் அணி, அதற்கென்று கோச்சும் ஆட்ட அட்டவணையும் இருந்தால், மேல் அணி போனாலும் கிளப் நிற்கும். இல்லையென்றால் மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். யூட்டா பல்கலைக்கழகமும் 2017-ல் அறிவித்து 2019-ல் கிளப்பிலிருந்து முதல் டிவிஷனுக்குப் போனது. இன்னும் சில போகும். ஒரு கிளப்புக்கு இரண்டாம் அணி காப்பீடு மாதிரி என்று சொல்வது இதனால்தான்.

கீழிருந்து மேலே போகும் அழுத்தம் இருப்பதுபோல், இப்போது மேலிருந்து கீழேயும் ஓர் அழுத்தம் வந்திருக்கிறது. 2025 ஜூனில், கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதை ஏற்கும் முதல் டிவிஷன் பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணியில் இருக்கக்கூடிய ஆட்களுக்கு உச்சவரம்பு வந்துவிட்டது. ஆண்கள் லக்ராஸுக்கு 48, பெண்களுக்கு 38. முன்பு ஆண்கள் அணிக்கு 12.6 ஸ்காலர்ஷிப்தான், ஆனால் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். ஐம்பதைத் தாண்டிய அணிகள் இருந்தன. ஏற்கெனவே அணியில் இருந்தவர்களுக்கு விலக்கு கொடுத்திருக்கிறார்கள். இனி வருகிற தலைமுறைக்கு அது கிடையாது. நாற்பத்தொன்பதாவது ஆட்டக்காரர் வேறு கல்லூரிக்குப் போகவில்லை என்றால் அங்கேயே கிளப்பில் சேருவார். அவர் வந்தால் கிளப்பில் ஏற்கெனவே இருக்கும் ஒருவர் வெளியே போவார்.

முப்பது பேர் எதற்கு?

லக்ராஸில் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர்: ஒரு கோலி, மூன்று டிஃபென்ஸ், மூன்று மிட்ஃபீல்ட், மூன்று அட்டாக். மிட்ஃபீல்டர்கள் மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடுகிறவர்கள், ஆட்டம் நடக்கும்போதே மூன்று மூன்று பேராக மாறிக்கொண்டே இருப்பார்கள். அதனால் மூன்று வரிசை, ஒன்பது பேர். அட்டாக்குக்கு ஐந்து, டிஃபென்ஸுக்கு ஐந்து. நீளக் கம்புடன் மிட்ஃபீல்டில் நிற்க இரண்டு பேர், குட்டைக் கம்புடன் தடுப்புக்கு மட்டும் இறங்க மூன்று பேர். ஃபேஸ்-ஆஃப் (நடுவில் வைத்த பந்துக்கு இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் மோதுவது) எடுப்பதற்கென்றே இரண்டு பேர். கோலி மூன்று. கூட்டினால் 29. கோச்சிடம் கேட்டால் முப்பது பேருக்குக் குறைந்து முடியாது என்பார். தாளில் அது நியாயம்தான்.

ஆட்டத்தைப் பாருங்கள். சமமான இரண்டு அணிகள் மோதும் ஆட்டத்தில் உருப்படியாக ஆடுகிறவர்கள் பதினெட்டு, இருபது பேர். மூன்றாவது மிட்ஃபீல்ட் வரிசை இரண்டாம் குவார்ட்டரில் ஓரிரு முறை இறங்கும். மூன்றாவது கோலி இறங்கவே மாட்டார். முழுச் சந்தா கட்டி, வாரம் நான்கு நாள் பயிற்சிக்கு வந்து, ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து போய், தலைக்கவசத்தைக் கழற்றாமலே திரும்பி வருகிற பத்துப் பேர் முதல் அணிக்குள்ளேயே இருக்கிறார்கள்.

இரண்டாம் அணி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தேர்வில் வெட்டப்பட்டவர்களை மட்டுமே நினைக்கிறார்கள். அங்கேதான் திட்டம் சறுக்குகிறது. கணக்குக்காக ஒரு பெரிய கிளப்பை எடுத்துக்கொள்வோம் (எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான்). தேர்வுக்கு 60 பேர் வருகிறார்கள். 32 பேரை எடுத்தால் 28 பேர் வெளியே. அந்த 28 பேரை வைத்து இரண்டாம் அணி போட்டால் என்ன ஆகும்? அதில் அட்டாக்கும் மிட்ஃபீல்டும்தான் குவிந்திருக்கும். கோலி ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம். நீளக் கம்பு பிடித்துப் பழகியவர்கள் இரண்டு பேர். ஃபேஸ்-ஆஃப் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒவ்வொரு கோலுக்குப் பிறகும் பந்து எதிரணிக்கே போகும். ஆறுதல் பரிசாகத் தொடங்கிய அணி அக்டோபருக்குள் பத்துப் பேராகிவிடும்.

இதையே மாற்றிப் போடுங்கள். முதல் அணியில் 26, இரண்டாம் அணியில் 26, வெளியே 8. முதல் அணியின் கடைசி ஆறு பேர் கீழே வந்து, அங்கே முதுகெலும்பாக நிற்கிறார்கள். மூன்றாவது கோலி இங்கே முதல் கோலி. வெட்டப்பட்டவர்களில் சிறந்த இருபது பேர் அவர்களோடு சேர்கிறார்கள். இது ஓர் அணி மாதிரி இருக்கும்.

கோலி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இரண்டாம் அணிகள் சாவதற்கு நான் பார்த்த முதல் காரணம் அதுதான். கடினமான ரப்பர் பந்து மணிக்கு நூற்றைம்பது கிலோமீட்டரில் வரும்போது நெஞ்சைக் காட்டி நிற்பதற்கு ஆள் கிடைப்பதில்லை. முதல் அணி கோச், யாருக்காவது அடிபட்டுவிடுமோ என்ற பயத்தில் மூன்று கோலிகளையும் கையில் பிடித்து வைத்துக்கொள்வார். இரண்டாம் அணி ஒரு மிட்ஃபீல்டரைக் கெஞ்சி நிற்க வைக்கும். அவர் இரண்டு ஆட்டத்தில் முப்பது கோல் வாங்கிவிட்டு வரமாட்டார். மூன்றாவது கோலியை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்காத கோச் இருக்கும் கிளப்பில் இரண்டாம் அணி தொடங்குவது வீண். வாரத்தில் மூன்று நாள் அவர் முதல் அணியோடு பயிற்சி செய்யட்டும், அவசரம் என்றால் மேலே போகட்டும், ஆனால் சனிக்கிழமை இரண்டாம் அணிக்கு ஆட வேண்டும். ஆடாத கோலியைவிட வாரம் ஓர் ஆட்டம் ஆடும் கோலிதான் அவசரத்துக்கும் உதவுவார்.

யாருக்கு லாபம்?

இதே அமெரிக்காவில், இதே கல்லூரிக் கிளப் உலகத்தில், இரண்டாம் மூன்றாம் அணிகள் சர்வசாதாரணமாக இருக்கும் ஒரு விளையாட்டு உண்டு: ஐஸ் ஹாக்கி. 1991-ல் தொடங்கிய ஏசிஹெச்ஏ என்ற அமைப்பு ஆண்களுக்கு மூன்று டிவிஷன் வைத்திருக்கிறது. ஒரே பல்கலைக்கழகம் மூன்றிலும் ஒவ்வோர் அணி இறக்கலாம். வர்ஜீனியாவின் லிபர்ட்டி பல்கலைக்கழகம் அப்படி இறக்கியிருக்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் ஏட்ரியன் கல்லூரி ஒரு படி மேலே போய், என்சிஏஏ ஹாக்கி அணியோடு சேர்த்துப் பல ஏசிஹெச்ஏ அணிகளையும் நடத்தியது.

ஏட்ரியன் ஏன் இதைச் செய்தது என்பது ரகசியம் இல்லை. சின்னத் தனியார் கல்லூரி, மாணவர் சேர்க்கை சரிந்துகொண்டிருந்தது. விளையாட்டு அணிகளைப் பெருக்கினால் ஆட வருகிறவர் கல்விக் கட்டணத்தோடு வருவார். இருபத்தைந்து பேர் கொண்ட மூன்றாம் ஹாக்கி அணி என்பது அந்தக் கல்லூரிக்கு இருபத்தைந்து சேர்க்கை. இருபத்தைந்தாவது ஆட்டக்காரர் ஒரு நிமிடம்கூட ஆடாவிட்டாலும் கல்லூரிக்கு அவர் லாபம்தான்.

பிரிட்டனில் காரணம் வேறு. அங்கே பல்கலைக்கழக விளையாட்டே கிளப் அடிப்படையில்தான் நடக்கிறது. பக்ஸ் என்ற அமைப்பு நடத்தும் லீக் ஆட்டங்கள் புதன்கிழமை பிற்பகலில், அந்த நேரத்தில் வகுப்பு வைக்காமல் இருப்பது பல இடங்களில் வழக்கம். ஒரு பல்கலைக்கழகத்தின் முதல் அணி மேல் அடுக்கில் ஆடும், இரண்டாம் அணி கீழ் அடுக்கில் வேறு யாருடைய முதல் அணியோடோ ஆடும். ஏறலாம், இறங்கலாம். இரண்டாம் அணி எடுக்கும் புள்ளிகளும் பல்கலைக்கழகத்தின் மொத்தத் தரவரிசைக் கணக்கில் சேரும். ஆகவே டர்ஹாம் மாதிரி லக்ராஸில் பலமான பல்கலைக்கழகத்துக்கு இரண்டாம் அணியின் வெற்றியும் வேண்டியிருக்கிறது.

மான்செஸ்டர் சுற்றுவட்டாரத்துக் கிளப்கள் இன்னும் பழையவை. ஸ்டாக்போர்ட் 1876-லிருந்து இருக்கிறது. ஹீட்டன் மெர்சி, சீடில் எல்லாம் அதற்கு மூன்று வருடம் பிந்தியவை. வட இங்கிலாந்து லீக்கில் இவை ஏ, பி, சி என்று அணிகளை இறக்குகின்றன. பதினேழு வயதுப் பையனும் முழங்கால் தேய்ந்த ஐம்பது வயதுக்காரரும் ஒரே சி அணியில் ஆடுவார்கள். அங்கே கிளப் என்பது ஆயுள் முழுக்க. இன்று பி அணியில் ஆடுகிறவர் நாளை குழுத் தலைவராகவும் பொருளாளராகவும் ஆவார், பிள்ளைகளைக் கூட்டிவருவார்.

மூன்று இடத்திலும் இரண்டாம் அணியை வேண்டும் என்று கேட்க யாரோ ஒருவர் இருக்கிறார். ஏட்ரியனில் நிர்வாகம், டர்ஹாமில் புள்ளிப் பட்டியல், ஸ்டாக்போர்ட்டில் கிளப்பின் நாளைய வாழ்வு. எம்சிஎல்ஏ கிளப்பில் யார் கேட்பார்? பல்கலைக்கழகத்துக்குச் சேர்க்கைக் கவலை இல்லை. லீக்கில் புள்ளி கிடையாது. மாணவத் தலைவர் நான்கு வருடத்தில் போய்விடுவார். கேட்க வேண்டிய ஒரே ஆள், தேர்வுப் பட்டியலில் பெயர் இல்லாத அந்த மாணவர். அவரோ அப்போது கிளப்பிலேயே இல்லை.

இதற்கு மேல் ஒரு தடை. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: பெஞ்சில் உட்காருகிறவர்கள் கட்டும் பணத்தில்தான் ஆடுகிறவர்கள் பயணம் போகிறார்கள். ஆளுக்கு 3,000 டாலர் சந்தா என்று வைத்தால் 32 பேருக்கு 96,000. அணியை 26 ஆக்கினால் 78,000. பொருளாளர் கண்ணுக்கு 18,000 டாலர் ஓட்டை. 'அந்த ஆறு பேர் கீழே போய்க் குறைந்த சந்தா கட்டினால் நாங்கள் எப்படிப் பயணம் போவது?' என்பதுதான் குழுக் கூட்டத்தில் எழும் உண்மையான கேள்வி. தரம் குறையும், கவனம் சிதறும் என்றெல்லாம் சொல்லப்படுவது அதற்குப் போர்த்திய துணி.

ஓட்டை நிஜம், ஆனால் அவ்வளவு பெரிதில்லை. ஆறு விமான டிக்கெட், ஆறு பேர் ஹோட்டல் படுக்கை, ஆறு பேர் சாப்பாடு மிச்சம். கோச் சம்பளமும் ரெஃப்ரி கட்டணமும் பஸ் வாடகையும்தான் ஆளுக்கு ஏற்பக் குறையாதவை. மீதி ஓட்டையை மறைக்காமல் 26 பேருக்கும் பங்கிட்டுச் சந்தாவை ஏற்றிவிடலாம். ஆடுகிறவர்கள் தங்கள் பயணத்துக்குத் தாங்களே கட்டுவதில் என்ன அநியாயம்?

எப்படி நடத்துவது

இரண்டாம் அணிக்குத் தனிக் கணக்கு வேண்டும். இதில் தளர்வு கூடாது. ஒரே கணக்கில் போட்டால் மார்ச் மாதம் முதல் அணிக்கு ஒரு விமானச் செலவு கூடும்போது இரண்டாம் அணியின் பஸ் ரத்தாகும். தனிச் சந்தா, அதுவும் கால் பங்குக்குள். இரண்டு மூன்று மணி நேரத் தூரத்துக்குள் மட்டும் ஆட்டம், இரவு தங்கல் இல்லை.

யாரோடு ஆடுவது என்று கேட்பார்கள். ஆட்கள் இருக்கிறார்கள். பக்கத்து இரண்டாம் டிவிஷன் அணிகள் ஆட்டம் தேடிக்கொண்டிருக்கின்றன, அவர்களுக்குப் பெரிய பல்கலைக்கழக மைதானத்தில் ஆடுவது ஆசை. நகரத்துப் பெரியவர் கிளப்கள் உண்டு. பக்கத்துப் பல்கலைக்கழகமும் இரண்டாம் அணி போட்டால் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைத்து ரெஃப்ரிகளை ஒரே தடவையாக அழைத்துக்கொள்ளலாம். இரண்டு பேர் பேசி வைத்துக்கொண்டால் நடக்கிற காரியம். ஒரு கிளப் மட்டும் தனியாகத் தொடங்கினால் இரண்டாம் வருடமே எதிரணி இல்லாமல் திணறும்.

கோச் தனியாக வேண்டும். முதல் அணியின் உதவிக் கோச் 'சேர்த்துப் பார்த்துக்கொள்வார்' என்றால் பார்க்க மாட்டார். அப்போதுதான் படிப்பை முடித்து அதே ஊரில் வேலையில் இருக்கும் பழைய ஆட்டக்காரர் பொருத்தமானவர்: ஆட்டம் தெரியும், கொஞ்சம் கையில் கொடுத்தால் போதும், வாரம் இரண்டு மாலை வருவார்.

கருவிகள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. முதல் அணியின் பழைய தோள் கவசங்களைக் கீழே தள்ளிவிடுவது வழக்கம். பந்து நெஞ்சில் குறிப்பிட்ட நொடியில் பட்டால் இதயம் நின்றுவிடும் ஆபத்து இருப்பதால், என்டி200 என்ற தரச்சான்று உள்ள நெஞ்சுக் கவசம் கோலிகளுக்கு 2021-லிருந்தும் மற்றவர்களுக்கு 2022-லிருந்தும் அமெரிக்க லக்ராஸில் கட்டாயமாகிவிட்டது. அதற்கு முந்திய கவசங்கள் பலவற்றில் அந்த முத்திரை இல்லை. சாக்கு மூட்டையில் கிடக்கும் பழைய கவசங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி லேபிளைப் பாருங்கள். முத்திரை இல்லாததைத் தூக்கி எறியுங்கள், இரண்டாம் அணிக்குக் கொடுக்காதீர்கள்.

ஏற்ற இறக்கத்துக்கு விதி எழுதி வைக்க வேண்டும். முதல் அணியில் ஆட்கள் குறைந்தால் மேலே கூப்பிடலாம், ஒரு வாரத்துக்கு ஒரே தடவை. மேலிருந்து நல்ல ஆட்டக்காரரை இறக்கி முக்கிய ஆட்டத்தை வெல்வது கூடாது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் தன் இடத்தில் திடீரென்று ஒரு நட்சத்திரம் வந்து நின்றதைப் பார்த்த இரண்டாம் அணிக்காரர் அடுத்த வாரம் பயிற்சிக்கு வரமாட்டார். டிசம்பரில் ஒருமுறை இரண்டு பட்டியலையும் திறந்து மறுபடி தேர்வு வைத்தால் போதும். ஏறுவதற்கு ஒரு நாள் உண்டு என்று தெரிந்தால் செப்டம்பரில் பெயர் வராதவர் சோர்ந்து போக மாட்டார்.

எப்போது தொடங்குவது? இலையுதிர் காலத்தில். அப்போது முதல் அணிக்குப் பயிற்சி ஆட்டங்கள்தான், அதனால் மைதானமும் ரெஃப்ரியும் கிடைக்கும். வசந்தத்தில் பிப்ரவரி முதல் மே வரை மாலை நேர மைதானத்துக்கு எல்லா விளையாட்டுக்காரர்களும் அடித்துக்கொள்வார்கள்.

ஆள் போதவில்லை என்றால் சிக்ஸஸ் இருக்கிறது. ஒரு பக்கத்துக்குக் கோலியோடு சேர்த்து ஆறு பேர், 70-க்கு 36 மீட்டர் மைதானம், எட்டு நிமிடக் குவார்ட்டர், நீளக் கம்பு கிடையாது, ஒரு கோலுக்குப் பிறகு ஃபேஸ்-ஆஃபும் கிடையாது. இரண்டாம் அணியிடம் இல்லாதவை எவை என்று மேலே பார்த்தோமோ அவற்றில் பாதி இந்த ஆட்டத்துக்குத் தேவையே இல்லை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டி, கிரிக்கெட்டோடு சேர்த்து இந்த வடிவத்தைத்தான் 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் சேர்த்தது. பன்னிரண்டு பேரும் இரண்டு கோலியும் இருந்தால் ஓர் அணி. இரண்டாம் அணியின் முதல் வருடத்தை முழுக்க சிக்ஸஸாகவே நடத்தலாம் என்பது என் கருத்து. பெரிய மைதானக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

எல்லாக் கிளப்புக்கும் இது பொருந்தாது. தேர்வுக்கு நாற்பத்தைந்து பேர்கூட வராத இடத்தில் அணியைப் பிரித்தால் இரண்டுமே படுத்துவிடும்; அங்கே எல்லாரையும் சேர்த்துக்கொண்டு டி-டூவில் ஆடுவதே சரி. அறுபது பேர் வரும் கிளப்தான் யோசிக்க வேண்டும். அடுத்த செப்டம்பரில் பட்டியல் ஒட்டுவதற்கு முன்பே, ஆகஸ்டில், பொருளாளரும் கோச்சும் உட்கார்ந்து இரண்டு விஷயத்தை முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது: அந்த மூன்றாவது கோலி யாருக்கு, அந்த 18,000 டாலர் யார் தலையில்.